விக்கெட் எடுக்காதவர் தேடித்தந்த விக்கெட்டுகள்

டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்திய வேகப்பந்து வீச்சாளர் டி.ஏ. சேகருக்கு ஒரு விக்கெட்கூட கிடையாது. 1983-ல் பாகிஸ்தானுக்கு எதிராக இரண்டு டெஸ்ட், அப்புறம் சில ஒருநாள் ஆட்டங்கள், அவ்வளவுதான். ஆனாலும் திருவண்ணாமலையில் விளையாட்டு ஆசிரியராக இருந்த நான் பிள்ளைகளிடம் அதிகம் சொன்ன பெயர் அவருடையதுதான்.

1987-ல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் சென்னையில் வேகப்பந்து பயிற்சி மையம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி. அவர் அவ்வப்போதுதான் வருவார். அவர் இல்லாத நாட்களில் பையன்களைப் பார்த்துக்கொண்டவர் சேகர்.

அமெரிக்க பேஸ்பாலில் ஸ்கவுட் என்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய், பள்ளி மைதானங்களில் உட்கார்ந்து, நாளைய ஆட்டக்காரனை அடையாளம் காண்பது அவர்கள் வேலை. சேகர் செய்ததும் அதுதான். மகாராஷ்டிரத்தின் ஸ்ரீராம்பூரிலிருந்து மும்பைக்கு வந்த இடக்கைப் பையன் ஒருவன், ஜிம்கானா அணிக்கு எதிரான ஓர் இறுதி ஆட்டத்தில் 7 விக்கெட் எடுத்தான். அவனைக் கவனித்துச் சென்னைக்கு அழைத்து வந்தவர் சேகர். அந்தப் பையன் ஜாகீர் கான். டெஸ்டில் 311 விக்கெட். 2011 உலகக் கோப்பையில் 21.

வேண்டாம் என்று சொல்வதும் இந்த வேலையில் சேர்ந்ததே. வேகப்பந்து வீச ஆசைப்பட்டு அந்தச் சென்னை மையத்துக்குப் போன சிறுவன் சச்சினை, பேட்டிங்கில் கவனம் செலுத்தச் சொல்லி அனுப்பினார் லில்லி.

கண்டுபிடித்த பையனை உடையாமல் காப்பாற்ற வேண்டுமே, அதுதான் பெரும்பாடு. பந்தை விடும்போது இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் திரும்பினால் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும். நாளடைவில் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். லில்லியே 1973-ல் அப்படி முதுகு உடைந்து மீண்டவர். அதனால்தான் அந்த மையத்தில் ஓட்டத்தையும் உடம்பு திரும்புவதையும் படம் பிடித்துக் காட்டித் திருத்தினார்கள். வேகம் அதற்கு அப்புறம்.

2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது டெல்லி அணியின் கிரிக்கெட் பொறுப்புக்குப் போனார் சேகர். அங்கும் ஆள் பார்க்கும் கண்ணுக்குத்தான் மதிப்பு.

எங்கள் கலைக் கல்லூரி மைதானத்தில் டென்னிஸ் பந்தில் வீசும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நல்ல மணிக்கட்டு, நல்ல உயரம், பார்க்கத்தான் ஆளில்லை. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்தவர்தான். ஜெயப்பிரகாஷ் என்பவர் கண்ணில் பட்டார், சென்னைக்கு வந்தார், 2021-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார்.

எல்லாப் பையனும் 190 கிலோமீட்டர் பஸ் ஏறிச் சென்னைக்குத் தேர்வுக்கு வர முடியாது. கிரிக்கெட் சங்கத்துக்காரர்களே, எங்கள் செங்கத்துக்கும் போளூருக்கும் தண்டராம்பட்டுக்கும் நீங்கள் வாருங்கள். வாசகர்களே, உங்கள் தெருவில் ஒரு பையன் வேகமாக வீசினால், பக்கவாட்டில் நின்று செல்போனில் படம் எடுத்து மாவட்ட கிரிக்கெட் சங்கத்துக்கு அனுப்புங்கள்.