குண்டில் வார்த்த கரண்டி

லாவோஸ் போகப் பெரிய காசு தேவையில்லை. போன்சவனில் மலிவு விடுதியில் தங்கி, அவர்களைப் போல ஒட்டுச்சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிட்டோம். அருகேதான் பழங்காலக் கற்சாடிகள் நிற்கும் வெளி. நிலத்தில் பதித்த அடையாளக் கற்களின் வெள்ளைப் பக்கம் நடக்கலாம். சிவப்புப் பக்கம் கால் வைக்கக்கூடாது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா இந்நாட்டின் மீது போட்ட குண்டுகள் 20 இலட்சம் தொன்னுக்கு மேல். வெடிக்காதவை இன்னும் வயலுக்குள் கிடக்கின்றன. மண்வெட்டி பட்டால் போதும்.

சாடிகள் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. எங்களுக்கோ நாபியா கிராமத்துக் கரண்டிதான் பெரிதாகப் பட்டது. போர்க்கழிவு அலுமினியத்தை விறகு அடுப்பில் உருக்கி, அச்சில் ஊற்றி வார்க்கிறார்கள். தொழிற்சாலையில் வார்ப்பு வேலை செய்யும் எங்களுக்கு அந்தக் கைப்பக்குவம் விளங்கியது. கையுறைகூட இல்லை! நாலு கரண்டி வாங்கினோம். பேரம் பேசவில்லை.