‘ஒண்ணே ஒண்ணுதான்டா மாப்ள...’ விட்ட சிகரெட் திரும்ப வந்தால் என்ன செய்வது?

பொங்கலுக்கு நாலு நாள் லீவு. சென்னையில் மூணு மாசமாக சிகரெட்டையே தொடாத ஒருவர், கும்பகோணம் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். சாயங்காலம் ஊர் டீக்கடை பெஞ்சில் பழைய செட்டு மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. கையில் டீ கிளாஸ் வருகிறது, கூடவே “ஒண்ணே ஒண்ணுதான்டா மாப்ள” என்று ஒரு சிகரெட்டும் வருகிறது. காணும் பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்பும்போது அவர் பையில் ஒரு பாக்கெட் இருக்கிறது.

வேலைக்காக டெல்டாவை விட்டு வெளியூர் போன பலருக்கும் இது தெரிந்த கதைதான். பொங்கலுக்குப் பதிலாக ஊர்த் திருவிழா, ஃப்ரெண்டு கல்யாணம் என்று சந்தர்ப்பம் மட்டும் மாறும். அதற்கப்புறம் வரும் வசனமும் தெரிந்ததுதான்: “நமக்கெல்லாம் வில் பவர் கிடையாதுப்பா.”

அப்படித் தன்னைத்தானே திட்டிக்கொள்வதற்கு முன்னால் சில எண்களைப் பார்த்துவிடலாம். எந்த உதவியும் இல்லாமல் தானாகவே சிகரெட்டை விட முயல்பவர்களில், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான் என்று 2004இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. பெரும்பாலானோர் முதல் 8 நாட்களுக்குள்ளேயே மறுபடி பற்றவைத்து விடுகிறார்கள். முழுசாக விடுவதற்குள் பலருக்கு 30 முயற்சிகளோ அதற்கு மேலோகூட ஆகலாம் என்று கனடாவில் 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவே 2009 ஜூனில், புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அடுத்த நாள், தானும் சில நேரம் சறுக்குவதாக நிருபர்களிடம் ஒப்புக்கொண்டார். பிறகு அவர் விட்டுவிட்டதாக 2011இல் அவர் மனைவி சொன்னார்.

நம் நாட்டிலும் முயற்சிக்குப் பஞ்சமில்லை. 2016-17இல் நடந்த தேசிய அளவிலான புகையிலை சர்வேயில், புகைப்பவர்களில் 38.5 சதவீதம் பேர் முந்தைய 12 மாதங்களில் ஒருமுறையாவது விட முயன்றதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூணு மாசம் கழித்தும் ஏன்?

இழுத்த சில நொடிகளிலேயே நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. விட்டதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெருமளவு அடங்கிவிடும். அப்படியென்றால் மூணாவது மாசத்தில் உடம்பு கேட்டு அந்த சிகரெட்டைப் பிடிக்கவில்லை. கேட்டது பெஞ்சு.

மூளை நிகோடினைத் தனியாக நினைவு வைப்பதில்லை. டீ கிளாஸின் சூடு, பக்கத்தில் யார், எந்த நேரம் என்று எல்லாவற்றையும் சேர்த்தே முடிச்சுப் போட்டு வைக்கிறது. சென்னையில் மூணு மாசமாக ஆபீஸ் பிரேக், லஞ்ச், ராத்திரி கேப் என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாகிவிட்டது. ஊர் டீக்கடையில் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை, ஏனென்றால் அங்கே பயிற்சியே நடக்கவில்லை! ஊரிலேயே இருப்பவருக்கும் இது பொருந்தும். வீட்டில் பீடியை மறந்தவருக்கு, ராத்திரி மோட்டார் போடப் போகும்போது பம்ப்செட் திண்ணையில் நினைப்பு வரலாம்.

முக்காடு எதற்கு?

ஒரு சிகரெட் பிடிப்பது ஒரு சறுக்கல், பழைய கணக்குக்கே திரும்புவது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். சறுக்கியவரைப் பெரிய வீழ்ச்சிக்குக் கொண்டுபோவது அந்த ஒரு சிகரெட்டைவிட, அதற்கப்புறம் வரும் குற்ற உணர்ச்சிதான் என்று அவர் விளக்கினார். நம்மூரில் இதற்குப் பழமொழியே இருக்கிறது: முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? “விரதம் கெட்டுப்போச்சு, இனி ஒண்ணு என்ன, பத்து என்ன” என்ற அந்த நினைப்பு வரும் முதல் சில மணி நேரம்தான் முக்கியமானது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மிச்சமிருக்கும் சிகரெட்டைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். “இந்த பாக்கெட் முடியட்டும்”, “சித்திரை ஒண்ணுல இருந்து” என்று தேதி குறிக்க வேண்டாம். எங்கே, யாருடன், எத்தனை மணிக்கு, கையில் என்ன இருந்தது என்று போனில் நாலு வரி எழுதி வையுங்கள். அடுத்த முறை எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கான மேப் அது. பெஞ்சுதான் பிரச்சினை என்றால், அடுத்த சில பயணங்களில் அதே செட்டை வீட்டுத் திண்ணைக்குக் கூப்பிடலாம். நட்பை விட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். ஆசை அலை மாதிரி வந்து சில நிமிடங்களில் போய்விடும். அதுவரை எழுந்து நடங்கள்.

ஒண்ணு பிடித்தால் என்ன ஆகிவிடும் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலே, 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் சுமார் பாதி வந்துவிடுகிறது என்று 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியானது. சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் ஆண்களின் 43,000 மரணங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், காசநோயால் இறக்கும் ஆபத்து புகைப்பவர்களுக்கு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. மறுபக்கம் நல்ல செய்தியும் உண்டு. 30 வயதுவாக்கில் விட்டுவிட்டால், புகைப்பதால் இழக்கக்கூடிய சுமார் 10 வருட ஆயுளை ஏறக்குறைய முழுசாகக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்கிறது பிரிட்டன் டாக்டர்களை 50 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு.

இந்த முறை துணையோடு

போன முறை வெறும் மனஉறுதியை மட்டும் நம்பியிருந்தால், இந்த முறை மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங் கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுபவராக இருந்தால் 2 போதாமல் போகலாம். 4 மில்லிகிராம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கம்மைத் தப்பாக மென்றுவிட்டு “வேலை செய்யல” என்பவர்கள் நிறைய. பபிள் கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் நாக்கில் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லலாம். காபி குடித்த 15 நிமிடத்துக்குள் கம் போட்டால் நிகோடின் சரியாக உடம்பில் சேராது. கும்பகோணத்துக்காரர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான கண்டிஷன்தான்! வரெனிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகளும் இருக்கின்றன, ஆனால் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

டெல்டாவுக்கென்றே ஓர் எச்சரிக்கை. சிகரெட்டுக்குப் பதிலாக வெற்றிலை சீவலுக்கு மாறுவது இங்கே ரொம்ப சகஜம், தாம்பாளம் எல்லா விசேஷத்திலும் சுற்றி வருகிறது. புகையிலை சேர்க்காத பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. உதட்டுக்கடியில் வைக்கும் கூல் லிப் போன்ற பாக்கெட்டுகள் புகையிலையேதான். இ-சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356. இலவசம். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகிற எண் இது, கையில் வைத்துக்கொண்டே பலர் கவனித்திருக்க மாட்டார்கள். தென்மாநில மொழிகளுக்கான ஆலோசகர்கள் பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து பேசுகிறார்கள், தமிழிலேயே பேசலாம். விடும் தேதி முடிவானதும் அவர்களே திரும்ப அழைத்து எப்படிப் போகிறது என்று விசாரிப்பார்கள். நேரில் பார்க்க விரும்பினால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு போடலாம். எத்தனையாவது முயற்சி, போன தடவை எங்கே சறுக்கினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். போனில் எழுதி வைத்த அந்த நாலு வரி அங்கே உதவும்.