உங்களுக்குத் தெரியுமா? போருக்கு நடுவே பள்ளிக்கூடம்

சென்னைக்குத் தெற்கே நெம்மேலிக் குப்பத்தில் அலையடிக்கும் அதே வங்கக் கடல்தான் இலங்கையின் முல்லைத்தீவுக் கரையையும் தொடுகிறது. அந்தக் கரையில் ஒரு தலைமுறையே உள்நாட்டுப் போருக்குள் பிறந்து, போருக்குள் படித்தது.

● யாழ்ப்பாணத்தின் உடுவில் மகளிர் பள்ளி 1824-இல் தொடங்கியது. பெண் பிள்ளையைப் படிக்கவைக்கும் வழக்கம் அங்கே போருக்கு வெகுகாலம் முன்பே வேரூன்றிவிட்டது.

● 1990-இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டு, திரி ஏற்றிய விளக்கடியில் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்தார்கள்.

● 1995 செப்டம்பர் 22 அன்று யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கில், நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது நடந்த விமானத் தாக்குதலில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். பள்ளி வளவுகளில் பதுங்குகுழி வெட்டியதும், விமானச் சத்தம் கேட்டால் அதற்குள் இறங்கப் பழக்கியதும் அந்த நாள்களின் பாடங்கள்.

● வட இலங்கையின் வன்னியில் போரின் கடைசி ஆண்டுகளில், மணமானால் கட்டாய ஆள்சேர்ப்புக்குத் தப்பலாம் என்று நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளுக்கு இளவயதிலேயே திருமணம் முடித்தார்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் படிப்பு அன்றோடு முடிந்தது.

● 1983 முதல் தமிழகம் வந்த ஏதிலியரின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில், நம் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் சத்துணவு உண்டு படித்தார்கள். 1984-இல் உருவான ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களுக்குள்ளேயே மாலை வகுப்புகள் நடத்தியது. கற்பித்தவர்கள் முகாமின் இளைஞர்கள்.

● போர் நடந்த இன்னொரு நாடான ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 2007-இல் சில கிராமங்களுக்குள்ளேயே பள்ளி தொடங்கிப் பார்த்தார்கள். பள்ளி இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டால், நூற்றுக்கு 35 சிறுவர்கள் கூடுதலாகப் படிக்க வந்தார்கள். சிறுமிகளோ 52 பேர். வழி நீண்டால் முதலில் வீட்டில் நிறுத்தப்படுபவள் பெண் பிள்ளை. பள்ளி பக்கத்தில் வந்தால் அதிகம் பயன்பெறுபவளும் அவளே.

● போர்க்காலத்தில் பள்ளிகளைக் காக்கும் 'பாதுகாப்பான பள்ளிகள்' பிரகடனம் 2015-இல் ஆஸ்லோவில் வெளியானது. செப்டம்பர் 9-ஐக் கல்வியைத் தாக்குதலிலிருந்து காக்கும் நாளாக ஐ.நா. அறிவித்தது 2020-இல்.

● கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது, வகுப்பைப் பிள்ளையின் பக்கத்துக்கே கொண்டுபோகும் வழியில்தான் தமிழகமும் போனது. 2021 அக்டோபர் 27 அன்று, நெம்மேலிக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில், பிள்ளைகளின் வீட்டருகே தன்னார்வலர்கள் கற்பிக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. அதே தெருவின் அக்காமார்தான் பெரும்பாலும் கற்பித்தார்கள்.

போரோ நோயோ, வகுப்பு பிள்ளையின் வாசலுக்கு நடந்துபோன இடங்களில் படிப்பு பிழைத்திருக்கிறது. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால், தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் 14417-ஐ அழையுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.