வான்கோழி வேட்டைக்கு அம்பு விற்பது எப்படி?

அமெரிக்காவில் காட்டு வான்கோழியை வில்லால் வேட்டையாடுவோர் உண்டு. அங்குள்ள நல்ல கடைக்காரர் முதலில் வில்லின் இழுவிசையைக் கேட்பார்; அதற்கேற்ற விறைப்பு அம்புத் தண்டில் இல்லாவிட்டால் குறி தவறும். பிறகுதான் முனை. (முனைக்கு 11 சதவீத வரி. 1937-ஆம் ஆண்டுச் சட்டம், 1972 திருத்தத்தால் வில், அம்புக்கும் வந்தது. தொகை வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. நமக்கும் ஆறுதலான செய்தி!)

பறவை பெரிதாகத் தெரிந்தாலும் உயிர்நிலை கைப்பிடியளவே, மற்றதெல்லாம் இறகு. சற்றுப் பிசகினால் காயத்தோடு ஓடி மறையும். ஆகவே பட்டதும் விரிந்து இரண்டு அங்குலம் வெட்டும் முனைக்குக் கிராக்கி. எடை பெரும்பாலும் 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம். விரிவதற்கும் விசை செலவாவதால், இழுவிசை குறைந்த வில்லுக்கு விரியாத பிளேடே மேல் என்போம். கழுத்தை வெட்டும் அகன்ற முனை கேட்டால் நீளத் தண்டும் சேர்த்தே கொடுக்க வேண்டும். குட்டைத் தண்டில் பிளேடு வில்லிலோ பிடித்த கையிலோ பட்டுவிடும்.