வரைகலைப் பணிச்சூழல் தோன்றாமை (லினக்ஸ்)

லினக்ஸ் இயங்குதளத்தில் வரைகலைப் பணிச்சூழல் தோன்றாமை என்பது, கணினி துவங்கிய பின்னும் சாளரங்களும் படவுருக்களும் கொண்ட பணிமேடை திரையில் வராத நிலையைக் குறிக்கும். அதற்குப் பதிலாகக் கருந்திரையோ, எழுத்துக்கள் மட்டும் கொண்ட திரையோ, திரும்பத் திரும்ப வரும் புகுபதிகைத் திரையோ தோன்றும். இயங்குதளம் முழுவதும் பழுதுற்றதாகக் கருதிச் சிலர் அதனை மீள நிறுவுவதுண்டு. பெரும்பாலும் இது தேவையற்றது. மீள நிறுவும்போது வட்டுப் பிரிவு அழித்தமைக்கப்படின் பயனரின் கோப்புக்களும் அழிந்துவிடும்.

அமைப்பு

லினக்சில் வரைகலை இடைமுகம் கருனியின் பகுதியன்று; அதன் மேல் இயங்கும் தனி மென்பொருட்களின் அடுக்காகும். கீழிருந்து மேலாக அவை:

1. வரைகலை அட்டையை இயக்கும் இயக்கி
2. காட்சி வழங்கி
3. புகுபதிகைத் திரையைத் தரும் காட்சி மேலாளர்
4. குனோம், கேடிஈ போன்ற பணிச்சூழல்

1984 இல் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான எக்ஸ் சாளர முறைமை நெடுங்காலம் காட்சி வழங்கியாக விளங்கியது. 2008 இல் தொடங்கப்பட்ட வேலாண்ட் பின்னர் பல வழங்கல்களில் அதன் இடத்தைப் பெற்றது. இவ்வடுக்குகளில் ஒன்று தவறினும் பணிமேடை தோன்றாது. எனினும் கருனியும் கோப்புக்களும் பழுதின்றி இருக்கலாம்.

பழுதின் இடத்தை அறிதல்

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தின் எழுத்துமுறை முனையம் ஒன்று திறக்கும். அங்கு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இட்டுப் புகமுடியுமாயின், கருனி இயங்குகின்றது என்பதும் பழுது பெரும்பாலும் மேலடுக்குகளில் உள்ளது என்பதும் தெளிவாகும். முனையமும் தோன்றாவிடின் வரைகலை இயக்கியை ஐயுறலாம். அப்போது குரப் துவக்கப் பட்டியலில் பழைய கருனியைத் தெரிவு செய்யலாம்; அல்லது கருனிக்கு 'நோமோட்செட்' என்னும் அளவுருவைத் தந்து துவக்கலாம். இவ்வளவுரு, திரையின் பிரிதிறனைக் கருனியே மாற்றுவதைத் தடுக்கும். இது சோதனைக்குரிய தற்காலிக வழியே.

எக்ஸ் வழங்கியின் பதிவுக் கோப்பில் 'ஈஈ' என்று குறிக்கப்பட்ட வரிகள் வழுக்களையும், 'டபிள்யூடபிள்யூ' என்று குறிக்கப்பட்டவை எச்சரிக்கைகளையும் காட்டும். வேலாண்டின் செய்திகளைப் பெரும்பாலும் சிஸ்டம்டி பதிவேட்டில் காணலாம்.

பொதுவான காரணங்கள்

* வட்டு நிறைதல்: தற்காலிகக் கோப்புக்களை எழுத இடமின்மையால் சரியான கடவுச்சொல் இட்ட பின்னும் புகுபதிகைத் திரையே மீண்டும் வரும். தேவையற்ற கோப்புக்களை நீக்கின் தீரும்.
* உரிமை மாறுதல்: முதன்மைப் பயனராக எக்ஸ் வழங்கியைத் துவக்கியதால், இல்ல அடைவிலுள்ள எக்ஸ் அனுமதிக் கோப்பின் உரிமை மாறியிருக்கலாம். அதனை உரிய பயனருக்கு மீளத் தருதல் வேண்டும்.
* இயக்கி பொருந்தாமை: கருனி இற்றைப்படுத்தப்பட்ட பின் என்விடியாவின் இயக்கிக் கூறு புதிய கருனிக்கென மீளத் தொகுக்கப்படாதிருத்தல். பாதுகாப்புத் துவக்கம் செயலில் உள்ள கணினிகளில் கையொப்பமிடாத கூறுகள் ஏற்கப்படா.
* பழைய அமைவுக் கோப்பு: முன்பு கையால் எழுதிய எக்ஸ் அமைவுக் கோப்பு புதிய அட்டைக்குப் பொருந்தாமை. அதனை அழிக்காது பெயர் மாற்றி வைத்தால், வழங்கி வன்பொருளைத் தானே கண்டறியும்.

2006 நிகழ்வு

2006 ஆகஸ்டில் உபுண்டு 6.06 பதிப்பிற்கு வெளியான எக்ஸ் வழங்கி இற்றைப்படுத்தல் ஒன்றில் வழு இருந்தமையால், பல கணினிகளில் வரைகலை இடைமுகம் துவங்கவில்லை. விரைவிலேயே திருத்திய பொதி வெளியிடப்பட்டது. எழுத்துமுறை முனையத்தில் புகுந்து பொதிகளை மீண்டும் இற்றைப்படுத்தியோர், இயங்குதளத்தை மீள நிறுவாமலேயே பணிமேடையைப் பெற்றனர்.