7 நிமிடம், 1,500 மீட்டர்... 'நமக்கெல்லாம் ஓட்டம் வருமா?' என்று தயங்குபவர்களுக்கு!

ஆத்தூரில் விடியும் முன்பே எழுந்துவிடுகிறவர்கள் மூன்று வகை. தலைவாசல் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறவர்கள், பால் கறக்கிறவர்கள், 'போலீஸ் செலெக்‌ஷனுக்கு' ஓடுகிறவர்கள். இந்த மூன்றாவது வகையினரைப் பள்ளி மைதானத்தில் பார்க்கலாம், புறவழிச்சாலை ஓரத்தில் பார்க்கலாம். கையில் செல்போன், அதில் ஸ்டாப்வாட்ச். பையன்கள் எல்லோருக்கும் மனதில் ஒரே எண். 7.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், எழுத்துத் தேர்வைத் தாண்டி வரும் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. முடித்தால் அடுத்த கட்டம், முடிக்காவிட்டால் வீட்டுக்கு. மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்த படிப்பு, மைதானத்தில் ஏழே நிமிடத்தில் கைவிட்டுப் போய்விடும். அதனால்தான் இங்கே ஓட்டம் பொழுதுபோக்கு இல்லை. ஒரு வீட்டின் முதல் அரசு வேலை அது.

இவர்களோடு இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து ஷூ வாங்கிய நாற்பது வயது அண்ணன்கள், குழந்தை பிறந்த பிறகு ஏறிய எடையைக் குறைக்க நினைக்கும் அக்காக்கள். இலக்கு வேறு வேறு. ஆனால், இரண்டாவது வாரத்தில் வரும் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: 'நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஆகுமா?'

முதல் இரண்டு நிமிடம் பொய் சொல்லும்!

புதிதாக ஓடுகிறவர் 200 மீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி நிற்கிறார். 'எனக்கு ஸ்டாமினாவே இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் அங்கே நடப்பது வேறு. நாம் ஓடத் தொடங்கிய உடனே கால் தசைகள் ஆக்சிஜன் கேட்கின்றன. இதயமும் நுரையீரலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில்தான் நெஞ்சு அடைப்பது போன்ற அந்தத் திணறல். பல வருடங்களாக ஓடுபவர்களுக்கும் முதல் சில நிமிடங்கள் சுகமாக இருப்பதில்லை. அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து வேகம். 1,500 மீட்டர் என்பது 400 மீட்டர் மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்தில் முடிக்க ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி போதும். ஆனால், பக்கத்தில் ஓடுபவரைப் பார்த்து உசுப்பேறி முதல் சுற்றை 1 நிமிடம் 20 விநாடியில் முடிப்பவர்தான் அதிகம். மூன்றாவது சுற்றில் கால் கல்லாகிவிடும். அன்று மாலை வீட்டில் 'எனக்கு ஓட்டம் வரலைம்மா' என்பார். ஓட்டம் வந்தது. கணக்குதான் வரவில்லை.

தசைக்கும் எலும்புக்கும் வளரும் வேகம் வேறு வேறு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில வாரங்களிலேயே மூச்சு பழகிவிடும். தசைநார்களும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பும் பழக மாதங்கள் எடுக்கும். 'இப்போ நல்லா ஓட வருதே' என்று மூன்றாவது வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குபவர்களுக்குக் கெண்டைக்கால் எலும்போரம் வலி வருவது இதனால்தான். வலி வந்ததும் ஓட்டம் நிற்கும். நின்றதும் சந்தேகம் திரும்ப வரும்.

ஷூ இல்லாமல் தொடங்கியவர்

மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியின் கதை பலருக்கு நினைவிருக்கும். சிறுவயதிலேயே அப்பாவையும் அம்மாவையும் இழந்தவர். பாட்டி ஆரம்மாள் கூலி வேலைக்குப் போய் ரேவதியையும் தங்கையையும் வளர்த்தார். 'பொம்பளப் புள்ளைங்கள வேலைக்கு அனுப்பு' என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்காமல் பள்ளிக்கு அனுப்பினார்.

பள்ளி நாள்களில் ஒரு போட்டியில் ரேவதி வெறுங்காலோடு ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். 'இந்தப் பெண் ஓடட்டும்' என்று அவர் கேட்டபோது பாட்டி உடனே சம்மதிக்கவில்லை. கண்ணன் விடாமல் பேசிச் சம்மதம் வாங்கி, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். அதன் பிறகும் நெடுநாள் வெறுங்கால் ஓட்டம்தான். ஷூ போட்டு ஓடுவதை அவர் பின்னால்தான் பழகினார்.

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக். 4x400 மீட்டர் கலப்பு தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ரேவதி ஒருவர். முகமது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் மற்ற மூவர். இந்திய அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை. சக்கிமங்கலத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கதையில் பலரும் திறமையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ரேவதிக்குத் தன்மேல் நம்பிக்கை வரும் முன்பே, வேறு ஒருவருக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. புதிதாக ஓடுகிறவருக்கு அப்படி ஓர் ஆள் தேவை. கோச்சாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. காலையில் போன் அடித்து 'எந்திரிச்சிட்டியா?' என்று கேட்கும் ஒரு நண்பர் போதும்.

89 வயதில் புது மாணவர்

வயதாகிவிட்டதே என்கிறவர்களுக்கு ஃபௌஜா சிங். பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்து விவசாயி. பாஸ்போர்ட்டின்படி பிறந்தது 1911 ஏப்ரல் 1. கால்கள் பலவீனமாக இருந்ததால் ஐந்து வயது வரை நடக்கவே இல்லை. மனைவியும் மகன் ஒருவரும் அடுத்தடுத்து இறந்துபோக, லண்டனில் இருந்த இன்னொரு மகனிடம் போய்ச் சேர்ந்தார். துக்கத்திலிருந்து மீளத்தான் ஓட ஆரம்பித்தார். 2000-ல், 89 வயதில், முதல் லண்டன் மாரத்தான். 42 கிலோமீட்டரை முடிக்க 6 மணி 54 நிமிடம். மூன்று ஆண்டு கழித்து டொரன்டோவில் 5 மணி 40 நிமிடம். வயது கூடியது, நேரம் குறைந்தது!

2011-ல் நூறு வயதில் டொரன்டோ மாரத்தானை 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதைப் பதிவுசெய்யவில்லை. 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊரில் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார்.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. முன்னாள் சென்னை மேயரும், 2021-ல் தமிழகச் சுகாதாரத்துறை அமைச்சரானவருமான மா.சுப்பிரமணியன், விபத்தில் காலில் அடிபட்டவர். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமே எழுதிவிட்டார்.

60 விநாடி போதும்

சரி, எப்படித் தொடங்குவது? ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் 1996-ல் உருவாக்கிய 9 வாரத் திட்டம் இன்று உலகம் முழுக்கப் பிரபலம். பிரிட்டன் அரசின் மருத்துவச் சேவையே அதை மக்களுக்குப் பரிந்துரைக்கிறது. முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 5 நிமிடம் வேக நடை. பிறகு 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். நடப்பது தோல்வி இல்லை, திட்டத்திலேயே நடை இருக்கிறது என்பதுதான் இதன் அழகு.

வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். 'ம்', 'ஆமா' மட்டும்தான் வருகிறது என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். காவலர் தேர்வுக்கு ஓடுபவர்களும் வாரத்தில் பாதி நாள் இப்படித்தான் ஓட வேண்டும். தினமும் ஸ்டாப்வாட்ச்சோடு தேர்வு எழுதினால் கால் தாங்காது.

'ஒரு நாள் விட்டுட்டேன், எல்லாம் போச்சு' என்பது அடுத்த புலம்பல். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரு செயல் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை கணக்கு போனது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டை நம்பி, 22-வது நாள் மனம் உடைபவர்கள்தான் பாவம்.

ஓட்டத்துக்கான ஆப்களும் இரண்டு பக்கமும் வெட்டும். போன வார உங்களோடு இந்த வார உங்களை ஒப்பிட்டால் அது உதவி. நாலு வருஷமாக ஓடுபவரின் ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒப்பிட்டால் வினை.

'யார் துரத்துறா?'

ஓடத் தொடங்குபவர்கள் முதலில் பயப்படுவது மூச்சுக்கு அல்ல, டீக்கடைக்கு. 'ஏன் கண்ணு, யாரு துரத்துறா?' என்று ஒருவர் கேட்டால் போதும், அடுத்த நாள் படுக்கையை விட்டு எழத் தோன்றாது. ஆண்களுக்கு இது கிண்டல். பெண்களுக்கு இன்னும் கடினம். இருட்டு, தெரு நாய், முறைத்துப் பார்க்கும் கண்கள், 'இந்த வயசுல பேன்ட் போட்டு ஓடணுமா' என்கிற சொந்தக்காரர்கள். 400 மீட்டர் கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால், வயதுக்கு வந்த பிறகு ஓடுவதையே மறந்துபோன பெண்ணுக்கு அது சின்னதில்லை. இதைத் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று சொல்லிக் கடந்துவிடுவது நியாயமில்லை. வெளிச்சமுள்ள மைதானமும், கூட ஓட இரண்டு தோழிகளும் கிடைத்தால் பாதி தயக்கம் தானாகவே போகும். அப்பாவோ அண்ணனோ மைதானத்து ஓரம் பைக்கில் உட்கார்ந்திருப்பது முதல் மாதத்துக்கு உதவும் என்கிற வீடுகளும் உண்டு.

சேலம் - ஆத்தூர் சமவெளியின் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோடையில் காலை ஏழு மணிக்கே சூடு ஏறிவிடும். வெயிலில் அதே தூரத்துக்கு இதயம் அதிகமாகத் துடிக்கும், நேரம் கூடும். ஏப்ரலில் கூடிய நேரத்தைப் பார்த்து 'பின்னாடி போறேனே' என்று கவலைப்பட வேண்டாம். விடியும் முன்பே முடித்துவிடுங்கள். நெடுஞ்சாலையைத் தவிருங்கள். தவிர்க்கவே முடியாது என்றால் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக, வெளிர் நிறச் சட்டையோடு ஓடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சுகர், பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். ஓடும்போது நெஞ்சில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் 'முயற்சியைக் கைவிடக் கூடாது' என்ற வசனமெல்லாம் அங்கே வேண்டாம், நின்றுவிடுங்கள்.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். அப்பா ஆசையாக வாங்கித்தந்த புது ஷூவை மைதானத்தில் அன்றுதான் முதல்முறையாகப் போடாதீர்கள். இரண்டு வாரமாவது ஓடிப் பழகிய ஷூதான் நல்லது. முதல் சுற்றில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். உங்கள் கணக்கு 1 நிமிடம் 52 விநாடி.