ஆங்கிலத்தில் 'எ', 'ஆன்', 'த': ஒரு விளக்கக் குறிப்பு

ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் முன் நிற்கும் 'எ', 'ஆன்', 'த' என்னும் சிறு சொற்கள் தமிழ் மாணவரைப் பெரிதும் தடுமாறச் செய்வன. மெய்யொலிக்கு முன் 'எ', உயிரொலிக்கு முன் 'ஆன்' என்ற பாடநூல் விதி ஒலி பற்றியது மட்டுமே. இச்சொற்களின் பொருளோ பேசுவோருக்கும் கேட்போருக்கும் பொதுவான அறிவினைச் சார்ந்தது. இன்னதெனக் கேட்போர் இனங்காண்பர் எனக் கருதுமிடத்து 'த' வரும். அவ்வாறு கருதாதவிடத்து எண்ணத்தக்க ஒருமைப் பெயர் 'எ' அல்லது 'ஆன்' பெறும்.

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' என்பவற்றின் வேறுபாட்டை நாம் அறிவோம். இரண்டாம் வேற்றுமையுருபு தொக்கும் விரிந்தும் இங்கு உணர்த்துவதை ஆங்கிலம் தனிச்சொல்லால் உணர்த்துகின்றது. வரலாற்று நோக்கில் 'ஆன்', 'ஒன்று' எனப் பொருள்படும் எண்ணுப்பெயரிலிருந்தும், 'த' சுட்டுச்சொல்லிலிருந்தும் தோன்றியவை. ஆனால் தமிழில் 'ஒரு' வேண்டுமிடத்து மட்டும் வரும். ஆங்கிலத்தில் 'எ' கட்டாயமானது. இதனாலேயே 'அவர் ஆசிரியர்' என்பதை 'ஷீ இஸ் டீச்சர்' எனப் பலர் பெயர்க்கின்றனர். 'எ டீச்சர்' என்பதே சரி. 'மை', 'திஸ்', 'எவ்ரி' முதலியனவும் இதே இடத்தை நிரப்புவன. ஆதலின் 'த மை புக்' என இரண்டு சேர்ந்து வாரா. சமுதாயத்தைப் பொதுப்படக் குறிக்கும் 'சொசைட்டி' தனித்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சமுதாயம் என வரையறுக்கும்போது 'த' பெறும்.

இச்சொற்கள் அரசியலுக்கு அப்பாற்பட்டனவல்ல. 1967 நவம்பர் 22இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் இலக்கத் தீர்மானம், அவ்வாண்டுப் போரிற் கைப்பற்றப்பட்ட பிரதேசங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் வெளியேற வேண்டுமென்றது. ஆங்கில வாசகத்தில் 'பிரதேசங்கள்' என்பதன் முன் 'த' இல்லை. எனவே எல்லாப் பிரதேசங்களும் அடங்கா என இஸ்ரேல் வாதிட்டது. அராபியத் தரப்போ பிரெஞ்சு வாசகத்தையும், போரினால் நிலம் பெறுதல் ஏற்கத்தகாதது என்ற முகப்புரையையும் சுட்டியது. நிலத்தைத் தீர்மானித்தது இலக்கணமன்று, படைபலமே; எனினும் அப்படைபலத்துக்கு இலக்கணம் நியாயம் தேடிக்கொடுத்தது.

எமது பல்கலைக்கழகங்களிற் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என வழங்கியமை கவனத்திற்குரியது. ஒரு 'எ' விடுபட்டதும் பேசுவோரின் வர்க்கப் பின்னணி இனங்காணப்படுகின்றது. கிராமப்புற மாணவருக்கு இது அறிவுக் குறைபாடு போலக் காட்டப்படுகின்றது. உண்மையில் அது இரு மொழிகளின் அமைப்பு வேறுபாடே. அவ்வேறுபாட்டைத் தாய்மொழி வழியாகவே விளக்கிக் கற்பித்தல் ஆங்கில ஆசிரியரின் சனநாயகக் கடமை என நாம் கருதுகின்றோம்.